சக்கரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

பிரேக்கை மிதித்தால் கார் உதறியது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை முழங்கைவரை ஆடியது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசி வருஷங்கள் அவை. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு வியாபாரி வீட்டில் நான் டிரைவர். காரும் பழைய பிரெஞ்சுக் கார்தான். முதலாளியின் மகள் நிறைமாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை காரைக்கால் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"எம்மவளக் குலுங்காமக் கொண்டுபோய்ச் சேத்துடுங்க தம்பி," என்று முதலாளியம்மா கதவுக்குப் பின்னாலிருந்து தினம் ஒரு தடவை சொல்வார்.

அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குநுனியில். காரைக்காலில் மெக்கானிக் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். போன மாதம் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தவர் அவர்தான்.

"என்னங்க வேல பாத்தீங்க? கார் பேயாட்டம் ஆடுது!"

மனிதர் பீடியைக்கூட அணைக்கவில்லை. "சும்மா ஓடறப்பவும் ஆடுதா, மிதிக்கறப்ப மட்டும் ஆடுதா?"

"மிதிக்கறப்ப மட்டும்."

"அப்ப டயர் இல்ல. ஆட்டம் ஸ்டியரிங்குல தெரியுதா, சீட்டுல தெரியுதா?"

"ஸ்டியரிங்குலதான்."

"அப்ப முன்சக்கரம்."

இடது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். என்னைப் பிரேக்கில் லேசாகக் கால் வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்று தாராளமாக வந்தது, அப்புறம் உரசி நின்றது. மறுபடி சுற்றினால் அதே இடத்தில்தான் நின்றது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பிடிக்கும் இரும்பு டிரம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கம் விரலை ஓட்டினார்.

"வட்டம் போயிடுச்சு, கோணிக்கிட்டிருக்கு. சூடா இருக்கறப்ப எவன் இதுல தண்ணி ஊத்துனது?"

ஊற்றியவன் நான்தான். என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

என் அப்பா நெரவியில் வண்டிக்காரர். வீடு திரும்பியதும் மாட்டின் காலைக் கழுவாமல் அவர் சோற்றில் கை வைக்க மாட்டார். அதே பழக்கம் எனக்கும். கார் வாசலில் நின்றதும் சக்கரத்துக்கு ஒரு வாளி தண்ணீர். சுர்ரென்று ஆவி கிளம்பும். காரின் அசதி தணிகிறது என்று நினைத்துப் பூரித்துப்போவேன். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள் வேறு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று மெக்கானிக் சிரித்தார். வெட்கத்தில் செத்தேன். "லேத்துல வச்சு வட்டமாக் கடையணும். லேத்து நாகப்பட்டணத்துலதான் இருக்கு. எல்லைச் சாவடியில சீட்டு வாங்கிக் கொண்டுபோய்த் திரும்ப ரெண்டு நாளாவும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முதலாளி வீட்டு ஆள் சைக்கிளில் வந்து குதித்தார். மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம்.

கோணல் டிரம்மையே திரும்ப மாட்டினோம். "மெதுவாப் போங்க. கியர்லயே அடக்குங்க. பிரேக்க மறந்துடுங்க."

பட்டினத்துக்குப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பக்கத்தில் முதலாளி. பின்னால் அந்தப் பெண் முனகினாள். முதலாளியம்மா குர்ஆன் ஓதிக்கொண்டே வந்தார். பாலத்து இறக்கத்தில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே திரும்பியது. ஹாரனை அடித்தேன். வண்டிக்காரர் அசையவில்லை. கியரை இறக்கினேன், வேகம் குறைந்தும் போதவில்லை. மிதித்தால் குலுங்கும், மிதிக்காவிட்டால் மோதும். கைப்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும் என்பது அந்த நொடியில் எப்படியோ ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். வைக்கோல் முன்கண்ணாடியைத் தொடும் தூரத்தில் கார் நின்றது. குலுங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகை ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

முதலாளியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். அவர் இறங்கியதும் உள்ளே போய்த் தம் கையாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னக்கி நான் ஊத்தறேன். நம்ம புள்ளயக் காப்பாத்திக் குடுத்த காரு."

பேசாமல் இருந்திருக்கலாம். மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் முடியவில்லை.

"ஊத்தாதீங்க முதலாளி. இந்தத் தண்ணிதான் அத ஆட வச்சுது. இத்தன நாளா கெடுத்தது நான்தான்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வாளியை என் முன்னால் வைத்தார்.

"அப்ப ஒன் காலக் கழுவிட்டு வா. சாப்புடலாம்."