பேர்ள் வாசித்த கறுப்புக் காதல்கள்

பேர்ளின் வேலை இரத்தம் எடுப்பது. வெஸ்ற்மீட்டில் ஒரு பரிசோதனை நிலையத்தின் சின்ன அறைக்குள், வருகிறவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசி குத்துவாள். ஊசியைக் கண்டதும் முகம் வெளிறுகிற தடித்த ஆம்பிளைகளுக்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. காதல் கதை சொல்லுவாள். நாயகி காரிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டாள், அவன் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிரம்பிவிடும். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "பிறகு என்ன நடந்தது?" என்று கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தவர்களும் உண்டு.

முன்னொரு காலத்தில் அவளும் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிற வெள்ளைக்காரக் காதல் நாவல்களைத்தான் வாசித்தாள். அவற்றில் நாயகிக்கு அடிக்கடி கன்னம் சிவக்கும். மன்னாரில் பிறந்த பேர்ளின் கன்னம் ஒரு நாளும் சிவந்ததில்லை. சிவந்தால் அது இறால் ஒத்துக்கொள்ளாமல் வந்த தடிப்பு, மாத்திரை போடவேண்டும்.

நிலையத்தின் முன்மேசையில் வேலை செய்த அக்கோசுவாதான் அவளை வழி மாற்றியது. கானாவில் பிறந்து பிளாக்டவுனில் வளர்ந்த அந்தப் பெண் ஒருநாள் தேநீர் அறையில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். அட்டையில் கறுப்புப் பெண்ணொருத்தி, கறுப்பன் ஒருவனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறாளா இழுக்கிறாளா என்று சொல்லமுடியாதபடி நின்றாள். பேர்ள் மதியச் சாப்பாட்டோடு தொடங்கினாள். அன்று பின்னேரம் இரயிலில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு நிலையம் தாண்டிப்போய் இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் வேறெதையும் வாசிக்கவில்லை. வாசிக்க வாசிக்க அபிப்பிராயங்கள் வந்தன. நாயகி படுக்கப்போகும் முன் தலைமயிரைப் பட்டுத்துணியால் கட்டுகிறாளே, அது பேர்ளுக்குப் பிடிக்கும். வெள்ளைக்காரியின் கூந்தல் பக்கத்துக்குப் பக்கம் காற்றில் பறக்கும்; அதை யார் பிறகு சிக்கெடுத்தது என்று ஒரு வரி இராது. மாமிமார் வரிசையாக வந்து "எப்ப கலியாணம்?" என்று கேட்பது பிடிக்கும். செத்தவீட்டுக்கு யார் எதைச் சமைத்துக்கொண்டு வந்தார்கள், யாருடைய சட்டியை ஒருவரும் தொடவில்லை என்று ஒரு அதிகாரமே எழுதுவது மிகவும் பிடிக்கும். சதைப்பிடிப்பான பெண்ணைப் பார்த்து ஒருவன் பேச்சு வராமல் நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிடிக்காததும் இருந்தது. நாயகர்களில் பாதிப்பேர் கோடீசுவரர்கள். "குழாய் திருத்துறவன் காதலிச்சா ஆருக்கு என்ன நட்டம்?" என்பாள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் பிரிந்து அழுவார்கள். ஒரு போன் எடுத்துக் கேட்டால் தீர்ந்துபோகிற விசயமாக இருக்கும். தோலின் நிறத்தைக் கோப்பி, சொக்லேற், கரமெல் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். "மனுசரைப் பற்றி எழுதுகினமோ, இல்லாட்டி இனிப்புக்கடை வைச்சிருக்கினமோ?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கோசுவா ஒருநாள் சிரித்தபடியே சொன்னாள், "பேர்ள், இது உங்களுக்காக எழுதின புத்தகம் இல்லை, தெரியுந்தானே?"

"தெரியும். நான் பக்கத்து வீட்டுக் கதையை மதிலுக்கு மேலால கேக்கிறன். கேக்கிறவளுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லையோ?"

"மதிலுக்கு மேலால சத்தம் போடாமச் சொன்னால் சரி" என்றாள் அக்கோசுவா.

ஒன்றை மட்டும் பேர்ள் அவளுக்குச் சொல்லவில்லை. பேர்ளைப் பெண்பார்க்க வந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "பிள்ளை கறுப்புத்தான், ஆனா நல்ல குணம்." "கறுப்புத்தான், ஆனா ஆங்கிலம் கதைப்பாள்." கடைசியில் செல்வரட்ணத்தின் தாய் வந்து, "கறுப்புத்தான், ஆனா முகவெட்டு இருக்கு" என்று சொல்லிச் சம்மதித்தாள். அந்த 'ஆனா'வோடு பேர்ளுக்கு முப்பது வருசப் பகை. அக்கோசுவா கொடுத்த புத்தகங்களில் 'ஆனா' இல்லை. அவள் கறுப்பு, அவள் வடிவு, முற்றுப்புள்ளி. முதல் தடவை அந்த வரியைக் கண்டபோது பேர்ள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரயில் யன்னலால் வெளியே கிரான்வில்லின் பழைய கார்க் குவியல்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிப்பிராயங்களைக் கொட்டுவதற்கு அவளுக்கு ஒரு ஆள் இருந்தது. தங்கை றொஷானி, மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருந்தாள். புத்தகம் முடிந்ததும் பேர்ள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவாள். மரக்கறி வாங்கப் போகிற வழியில் றொஷானி அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

சென்ற வருடம் தவக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, விபரீதம் நடந்தது. அன்று முடித்த நாவலில் நாயகன் அட்லாண்டாவில் ஒரு வக்கீல். நாயகி விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க நின்று வேலைசெய்து களைத்து வந்தவளின் காலை அவன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிடுகிறான். அங்கே தொடங்கி அடுத்த அதிகாரம் முடியும்வரை அவன் காலோடு மட்டும் நிற்கவில்லை. பேர்ள் குசினியில் வெங்காயம் வெட்டியபடி அதை முழுசாக விமர்சித்தாள். எது உடம்புக்குச் சாத்தியம், எது முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குச் சரிவராது என்றெல்லாம் சொன்னாள். கடைசியில், "எங்கட செல்வமும் ஒருக்கா என்ர காலைத் தொட்டவர் தங்கச்சி. லிஃப்டுக்குள்ள மிதிச்சவர்" என்று முடித்து, அனுப்பினாள்.

போனது றொஷானிக்கு அல்ல. 'செபமாலைச் சகோதரிகள்' என்ற கோயில் குழுவுக்கு.

கண்டவுடன் அழிக்கப்போனாள். வெங்காயக் கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. 'எல்லாருக்கும் அழி' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமத்திவிட்டாள். இப்போது அந்தப் பதிவு உலகத்தில் அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் இருந்தது. பிறகு குழுத் தலைவி மெற்றில்டா அன்ரி கூப்பிய கைகள் ஒன்றை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் பெண்கள் பேர்ளைக் கண்டு இருமினார்கள். அவளுக்கு அது பெரிதில்லை. ஆனால் ஆம்பிளைகள் செல்வரட்ணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன செல்வம், முழங்கால் எப்பிடி?"

"லிஃப்டில ஏறேக்க கவனம், என்ன!"

செல்வரட்ணம் பஸ் சாரதி. பயணிகள் திட்டினாலும் திருப்பிப் பேசாத மனுசன். அன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அவர் கோப்பையை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பேர்ள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள், நாலாந்தரம் கோபம் வந்து, "நான் பொய் சொன்னனானோ?" என்று கேட்டாள். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் தொலைக்காட்சிதான் பேசியது.

அந்தக் கிழமையே அட்லாண்டா வக்கீலும் காணாமற்போனான். இரயிலில் விட்டுவிட்டேன் என்று பேர்ள் அக்கோசுவாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

புத்தகம் செல்வரட்ணத்தின் பையில் இருந்தது. தன்னை ஊர் சிரிக்க வைத்த அந்த வக்கீல் அப்படி என்னதான் செய்தான் என்று பார்க்க எடுத்தார். அட்டையை வெளியில் காட்டமுடியாது. பழைய கோயில் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து உறை போட்டார். வெளியே புனித அந்தோனியார் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு நின்றார். உள்ளே வக்கீல் சேட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். பரமட்டா நிலையத்தில் பஸ் புறப்படும் நேரம்வரை காத்துநிற்கும்போதெல்லாம் செல்வரட்ணம் வாசித்தார். முதலில் வக்கீலைத் திட்டுவதற்காக வாசித்தார். பிறகு அவனுடைய வழக்கு என்னாகும் என்று அறிய வாசித்தார். பிறகு ஏன் என்று தெரியாமல் வாசித்தார்.

நாயகி கோபித்துக்கொண்டு சிக்காகோவுக்கு இரயிலேறிய இடத்தில் மெற்றில்டா அன்ரி பஸ்ஸில் ஏறினாள். சாரதியின் கையில் அந்தோனியாரைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"செல்வம்! மனுசிக்காக நவநாள் செபம் சொல்லுறீங்கள், என்ன?"

செல்வரட்ணம், "ஓம் அன்ரி" என்றார். வேறு என்ன சொல்வது?

"என்னட்ட இந்த அந்தோனியார் புத்தகம் இல்லை. தாங்கோ, ஞாயிற்றுக்கிழமை கொண்டந்து தாறன்."

பின்னால் பத்துப்பேர் ஏறுவதற்கு நின்றார்கள். புறப்படும் நேரமும் வந்துவிட்டது. கிழவியின் கையிலிருந்து செபப்புத்தகத்தைப் பறிக்கிற சாரதியாக ஊருக்குள் பேர் வாங்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்தோனியார் அன்ரியின் கைப்பைக்குள் போனார்.

அன்று பின்னேரம் செல்வரட்ணம் குசினி வாசலில் வந்து நின்றார். பேர்ள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேர்ள்."

"என்ன?"

"அவள் சிக்காகோவால திரும்பி வந்தவளோ?"

பேர்ள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். விசயம் முழுக்க வெளியே வந்தது: கலண்டர் உறை, பரமட்டா, மெற்றில்டா அன்ரி. சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு நொந்தது. அவர் சிரிக்கவில்லை, முடிவு தெரியாத மனுசனுக்குச் சிரிப்பு எங்கேயிருந்து வரும்?

"முதல்ல சொல்லுங்கோ, புத்தகம் எப்பிடி?"

"அவன் ஒரு விசரன். வந்த வழக்கை விட்டுட்டு ஆராவது பெட்டைக்குப் பின்னால இரயிலடிக்கு ஓடுவானோ? வீட்டுக் கடனை ஆர் கட்டுறது?" என்றவர், கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கொஞ்ச நேரம் மேசையைத் துடைப்பதுபோல விரலால் தடவினார். "ஆனா அவளின்ர கறுப்பை அவன் எப்பிடி வடிவெண்டு சொல்லுறான், பாத்தியோ. அப்பிடியெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாம் எண்டு எனக்கு அப்ப தெரியாது, பேர்ள். மனசில இருந்தது. அம்மா சொன்ன சொல்லை நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்."

பேர்ள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கரண்டியை எடுத்தாள். முகத்தைக் காட்ட விருப்பமில்லை.

"பஸ்ஸை முப்பது வருசம் பிந்திக் கொண்டுவந்து நிப்பாட்டுறீங்கள்" என்றாள்.

"பிந்தினாலும் வந்ததுதானே?"

"ஓம். ஏறுறதோ எண்டு யோசிக்கிறன்."

அவள் அன்று முடிவைச் சொல்லவில்லை. தண்டனை வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போகப் பயந்தார்கள். போகாமல் விட அதைவிடப் பயமாக இருந்தது. பூசை முடிந்ததும் மெற்றில்டா அன்ரி இரண்டு பேரையும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மறித்துப் பிடித்தாள். அவளுடைய கையில் புத்தகம் அந்தோனியார் உறை கலையாமல் இருந்தது.

"பேர்ள், முழுக்க வாசிச்சன்" என்றாள்.

"அன்ரி, அது வந்து..."

"நான் கதைச்சு முடிக்கிறன். என்ர மனுசன் இருந்த காலத்தில நானும் கல்லாலயும் மரத்தாலயும் செய்த ஆள் இல்லை. அதை விடு. ஒண்டுதான் எனக்குப் பொறுக்கேலாமல் இருக்கு. அந்தப் பிள்ளையின்ர தகப்பன் ஒரு பாஸ்ரர். அவ்வளவு பெரிய கோயில் இருக்கு, பாடகர் குழு இருக்கு. ஏன் கலியாணத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்துக்குள்ள வைச்சவள்?"

"ஓ, கலியாணம் நடந்ததோ!" என்று செல்வரட்ணம் கோயில் என்பதையும் மறந்து கத்தினார்.

அன்ரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பேர்ளின் கையில் வைத்து, அடுத்ததையும் உறை போட்டே தரச்சொன்னாள். மாதா இருக்கிற பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள்.

வீட்டில் சமைக்கவில்லை. ஹரிஸ் பார்க்கில் கோபாலகிருஷ்ணனின் தோசைக் கடைக்குப் போனார்கள். மதுரைக்காரரான அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது சண்டை உச்சத்தில் இருந்தது.

"அவள் சிக்காகோவில தொடங்கின சாப்பாட்டுக் கடையை விட்டிருக்கக் கூடாது" என்றாள் பேர்ள். "அவன் வந்து நிண்டவுடனே எல்லாத்தையும் விட்டுட்டு வந்திட்டாள். எனக்கு இந்தப் புத்தகத்தில பிடிக்காத ஒரே இடம் அதுதான்."

"பின்ன அவன் என்ன செய்யிறது? வழக்கையும் விட்டுட்டு வந்தவன்."

"அவன் வழக்கை விட்டா இவள் அடுப்பை விடவேணுமோ? அவன் அங்க போய் இருக்கட்டும். சிக்காகோவில வழக்குப் பேச ஒரு கோடு இல்லையோ?"

"அவனுக்கு அங்க லைசென்ஸ் இல்லை. நீ சட்டம் தெரியாமக் கதைக்காத."

"உங்களுக்கு அட்லாண்டாச் சட்டம் எப்ப தெரிஞ்சது? பஸ்ஸுக்குள்ளயோ?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபாலகிருஷ்ணன் சங்கடத்தோடு குனிந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு விசயமா? நானும் ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். அவங்க எங்க இருந்தா என்ன, சந்தோஷமா இருந்தா போதும்மா."

"நீங்கள் பேசாம இருங்கோ தம்பி" என்றாள் பேர்ள். "அவளின்ர குணம் உங்களுக்குத் தெரியாது. சந்தோஷமாத்தான் இருப்பாள், ஆனா கடையை மூடிட்டு இருப்பாள். ரெண்டு மசாலாத் தோசை கொண்டு வாங்கோ."

"ஒண்டு நெய்த் தோசை" என்றார் செல்வரட்ணம். "அதோட, அவள் கடையை மூடேல்லை. கடைசி அதிகாரத்தில மச்சாளிட்டக் குடுத்தவள். நான் காருக்குள்ள இருந்து வாசிச்சிட்டன்."

"எப்ப வாசிச்சனீங்கள்? நான் மருந்துக்கடைக்குள்ள போன நேரமோ?"

"ஓம்."

"மச்சாளுக்குச் சமைக்கத் தெரியாது எண்டு ஒன்பதாம் அதிகாரத்தில வருது. அதை வாசிச்சனீங்களோ?"

செல்வரட்ணம் எழும்பினார். காருக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தோசை வந்து ஆறிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் இருந்து ஒன்பதாம் அதிகாரத்தைத் தேடினார்கள்.