ஐஸ் மீன் தொடாதவனின் எட்டுச்செலவு

வெக்ஸ்போர்ட்டில் ஓர் உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவும் அருள்நாயகம், மயிலிட்டியில் வள்ளம் ஓட்டியவர். அங்கே படையினர் மீன்பிடியைத் தடைசெய்து கடலை மூடியபிறகு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தார். அவருடைய தம்பி வரவில்லை; மூடிய கடலுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தான். தொண்ணூற்றாறு சித்திரையில் அவன் படையினரின் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தான் என்று தொலைபேசி வந்தது.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபட்ட மைம்மலில் சந்தியில் கொண்டுபோய் வைக்கவேண்டும். எட்டுச்செலவு என்பது அதுதான். தம்பிக்குப் பிடித்தது மீன்.

“கடையில விளைமீன் வந்திருக்காம்” என்றாள் மனைவி குணவதி.

“ஐஸ் மீனோ? உயிரோட இருக்கேக்கை அவன் அதைத் தொட்டவனோ? செத்தாப்பிறகு ஏமாத்தச் சொல்லுறியோ?”

தூண்டிலோடு ஆற்றுக்குப் போனார். கரையில் ஒரு பலகை: மீன் படம், குறுக்கே சிவப்புக் கோடு. ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் மீன்கள் முட்டையிட ஏறிவரும் காலம், பிடிக்கத் தடை. அருள்நாயகத்துக்கு விளங்காமலில்லை. தடையைப் பற்றி அவருக்கு யார் பாடம் எடுப்பது? தடை என்றால் பிடிக்கலாம். கரையேறும்போது காவலில் நிற்பவருக்குப் பெரிய மீனைக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் அப்படித்தான்.

இரண்டு பிடித்தார். சீருடை வந்தது. அவர் பதறவில்லை. பெரியதை இரண்டு கையாலும் நீட்டினார்.

“சேர், பிக் வன் யூ. ஸ்மோல் வன் மீ.”

அதிகாரி நல்ல மனிதர். சுடவில்லை, அடிக்கவில்லை, பதிலுக்கு ‘சேர்’ என்றே அழைத்தார். இந்த மீன்கள் பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போகின்றன, வழியில் மறிக்கக்கூடாது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, தடையை மீறியது ஒரு குற்றம், இலஞ்சம் நீட்டியது இன்னொன்று என்று எழுதினார். அருள்நாயகம் அதைப் பொருட்படுத்தவில்லை. சின்ன மீனையாவது தரும்படி, தம்பியின் சாவை அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, சான்றுப்பொருள் கெட்டுவிடாமல் இரண்டு மீனையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

அப்போதுதான் அருள்நாயகம் கரையில் குந்தி அழுதார்.

“மீன் முட்டையிட இவ்வளவு காவலோ?” என்றாள் வீட்டில் கதையைக் கேட்ட குணவதி. “உங்கட தம்பியும் மீனாப் பிறந்திருக்கலாம்.”

எட்டாம் நாள் கடை விளைமீனைத்தான் பொரித்துப் படைத்தார்கள். அலுமினியத் தட்டில் எடுத்துப்போய், சந்தியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார்கள்.

போய்ப் பார்க்கக்கூடாது. விடிய அருள்நாயகம் போய்ப் பார்த்தார். சோறு இல்லை, முட்டை இல்லை, வடை இல்லை. மீன் மட்டும் வைத்தபடி கிடந்தது.

இரவில் குப்பை கிளறும் ரக்கூன் மீனைத்தான் முதலில் தின்னும் என்று வெக்ஸ்போர்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அருள்நாயகம் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குணவதியிடம் சொன்னார்:

“சொன்னனான் எல்லே. அவன் தொடேல்லை.”