ஆங்கஸ் சொன்ன ஓம்

எமில்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. கனடாவில், வோபர்னில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு கணவன், இரண்டு பிள்ளைகள், பதினொரு ஸ்கொட்லாந்து நடிகர்கள் இருந்தார்கள். முதல் மூன்று பேரும் அவளுடைய வீட்டிலேயே இருந்தபடியால் அவர்களைப் பற்றி அவள் அதிகம் யோசிப்பதில்லை.

ஏன் ஸ்கொட்லாந்து என்று கேட்டால், "மழையில நனைஞ்சாலும் முகம் மாறாத ஆக்கள்" என்பாள். அது பாதி உண்மை. மீதி, அவர்கள் சம்மதம் சொல்லும் விதத்தில் இருந்தது. இங்கிலாந்துக்காரன் 'யெஸ்' என்னும் இடத்தில் அவர்கள் 'ஐ' என்பார்கள். தமிழ்நாட்டுச் சினிமா முழுவதும் 'ஆமா' என்று தலையாட்ட, யாழ்ப்பாணத்தார் மட்டும் 'ஓம்' என்பதைப் போல. பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டும் சொந்த வாயை விட்டுக்கொடுக்காத சனம் என்று அவர்களை மதித்தாள்.

அவள் உயிரை விட்டிருந்த நாவல் ஏழு பாகம். சாராயம் கடத்தும் ஆங்கஸ் என்ற மலைநாட்டான், தன்னைப் பிடிக்க வந்து செத்துப்போன சுங்க அதிகாரியின் விதவையைக் காதலிக்கிறான். இதைச் சொல்ல ஏழு பாகம் தேவையா என்பது வேறு விஷயம். எமில்டா இரண்டு தரம் வாசித்திருந்தாள். அது தொலைக்காட்சித் தொடராகிறது என்று செய்தி வந்தபோது துள்ளினாள். ஆங்கஸாக நடிப்பது ஃபின்லி கார்மைக்கேல் என்று தெரிந்ததும் துள்ளல் நின்றுவிட்டது. அவளுடைய பதினொரு பேரில் அவன் நான்காமவன்தான். ஆனாலும்.

"ஆறடி நாலு அங்குலம் எண்டு எழுதிக் கிடக்கு. உவன் என்ர தோளுக்குத்தான் வருவான்."

"உன்ர தோளுக்கு வாறவனை நீ ஏற்கனவே கட்டியிருக்கிறாய்," என்றார் கணவர் அருள்நாயகம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்.

"தலைமயிரும் கறுப்பு. புத்தகத்தில சிவப்பு."

"சாயம் பூசுவாங்கள். நான் பூசேல்லையோ?"

ஒரு மனிதனிடமிருந்து உயரத்தைக் கழித்து, மயிரின் நிறத்தை மாற்றி, நாவலின் முதலாம் பாகத்தில் செத்த அவன் தம்பியைத் தொடரில் கடைசிவரை உயிரோடு வைத்திருந்தால், எஞ்சுவது அதே மனிதனா? இந்தக் கேள்விக்காகப் பலர் தாடி வளர்த்திருக்கிறார்கள். எமில்டா ஒரே பின்னேரத்தில் முடிவுகட்டினாள்: அவன் 'ஐ' என்று சொல்லும்வரை அவன் ஆங்கஸ்தான்.

அவளுக்கு ஒரு பக்க வேலையும் இருந்தது. ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தமிழ் சப்டைட்டில் எழுதுவாள். மூன்று வருடமாகச் சமையல் போட்டிகளும் திமிங்கிலங்களும்தான் கிடைத்தன. ஆங்கஸின் தொடர் அங்கே வந்ததும் கேட்டு வாங்கினாள். இங்கிலாந்துப் படைவீரர்களுக்கு 'ஆமாம்' போட்டாள். மலைநாட்டாருக்கு 'ஓம்'. எட்டு அத்தியாயத்தில் இருநூற்றுப் பதினான்கு ஓம். அனுப்பிவிட்டு ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள்.

பிறகு வசுமதி அழைத்தாள். திருச்சிக்காரி, முப்பது வயதுக்குச் சற்று மேல், நிறுவனத்தில் தமிழைச் சரிபார்ப்பவள்.

"மேடம், ஒரு டவுட். ஹீரோ ஏன் எப்பப் பாத்தாலும் மந்திரம் சொல்றாரு?"

"என்ன மந்திரம்?"

"ஓம், ஓம்னு. துப்பாக்கிய நீட்டினா ஓம். சாராயம் வேணுமான்னா ஓம். நம்ம ஆபீஸ்ல மூணு பேருக்குப் போட்டுக் காமிச்சேன். யோகா பண்றவர்னு நெனச்சுட்டாங்க."

"பிள்ளை, நான் வேதக்காரி. மந்திரம் ஏன் எழுதப்போறன்?"

"வேதக்காரியா? அப்ப மந்திரமெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருக்குமே."

யாழ்ப்பாணத்தில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர், ஓம் என்றால் ஆமாம் என்று விளக்குவதில் பத்து நிமிடம் போனது.

"புரியுது மேடம். ஆனா அந்தக் கல்யாண சீன்? பாதிரியார் 'இவளை ஏற்றுக்கொள்கிறாயா'ன்னு கேக்குறார். நீங்க 'ஓம் சுவாமி'ன்னு போட்டிருக்கீங்க."

எமில்டா யாழ்ப்பாணத்துக் குருநகரில் பாதிரியாரைச் சுவாமி என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். தன் கல்யாணத்தில் அவளும் அந்த இரண்டு சொல்லைத்தான் சொன்னாள். அவற்றுக்குள் கற்பூர வாசம் இருப்பது இந்த நிமிடம்வரை அவள் மூக்குக்கு எட்டியதில்லை.

"எல்லாத்தையும் ஆமாம்னு மாத்திடுங்க மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்றாங்க."

வேறு ஆள் என்றால் அந்த நாவலின் ஒரு பக்கத்தையும் புரட்டாத ஆள். மாற்றினாலும் ஆங்கஸ் போனான், மாற்றாவிட்டாலும் போனான். எமில்டா இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அருள்நாயகம் தமையனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஓமண்ணை... ஓமெண்டுறன்... ஓமப்பா, ஓம்பா." எமில்டா கறி அகப்பையோடு அப்படியே நின்றாள். இந்த மனிதர் தனி ஓம் சொல்வதே அரிது. தனியாக நின்றால்தானே அது மந்திரம்? வால் ஒட்டிவிட்டால் மனிதன் பேசுகிறான். அடுப்பை நிறுத்திவிட்டுக் கணினியைத் திறந்தாள். கூட்டாளிக்கு 'ஓமடா'. தாய்க்கு 'ஓமணை'. துப்பாக்கியை நீட்டியவனுக்கு 'ஓமடாப்பா'.

வெள்ளிக்கிழமை நிறுவனத்துக்கு நேரிலேயே போனாள். வசுமதி முதல் அத்தியாயத்தை ஓடவிட்டாள். 'ஓமடாப்பா'வில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"தியானம் பண்றவன் இப்படிச் சொல்ல மாட்டான்," என்றாள். "இருக்கட்டும் மேடம். ஆனா கல்யாணத்துக்கு?"

அங்கேதான் இடித்தது. 'ஓம் ஃபாதர்' என்றால் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது கை தூக்குவதைப் போலிருந்தது. 'ஓமடா' போட்டால் பாதிரியார் எழும்பிப் போய்விடுவார். 'ஆமாம்' என்று போட எமில்டாவின் விரல் மறுத்தது.

"அதுக்கு ஒண்டும் போடாமல் விடுவம், பிள்ளை."

"ரூல் இருக்கு மேடம். வாயத் தொறந்தா எழுத்து வரணும்."

"ஒருக்காப் பாப்பம். பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

பாதிரியார் கேட்டார். ஃபின்லி கார்மைக்கேல் அந்தப் பெண்ணைப் பார்த்தான். கூரை ஒழுகி ஒரு துளி நெற்றியில் விழுந்தது, துடைக்கவில்லை. பிறகு, மூச்சைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அந்த ஓரெழுத்து. திரையின் அடி வெறுமையாகக் கிடந்தது.

பரவாயில்லை என்று எமில்டா நினைத்தாள். உயரத்தை மன்னிக்கலாம். தம்பியை மன்னிக்க முடியாது.

வசுமதி படத்தை நிறுத்தினாள்.

"யாராவது கேட்டா, டைப் பண்ண விட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன்."

தொடர் வெளியான ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, அருள்நாயகம் சோற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்தார். முப்பது வருடம் கனடாவில் இருந்தும், ஸ்கொட்லாந்துக்காரர் பேசும் ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எழுத்தை நம்பித்தான் பார்ப்பார். இரண்டாம் அத்தியாயத்தில் கல்யாணம் வந்தது, வந்து போனது.

"இஞ்சை எழுத்தைக் காணேல்லை. வேலை நேரத்தில நித்திரை கொண்டனியோ?"

"ஏன், உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"இதில விளங்க என்ன கிடக்கு? சுவாமி கேட்டார். உவன் ஓம் எண்டான்," என்று சொல்லிவிட்டு, அருள்நாயகம் மீன்முள்ளை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தார்.