அஸருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்

எங்கள் பள்ளிவாசலின் புது டிவி என் மானத்தை வாங்கியது. 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம், நீலத் திரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மிதந்துகொண்டே இருந்தது. நான் பட்டுச் சேலைக்கு ஜரிகை விற்கிறவன். ஒரு இழையை உரசிப் பார்த்து அதில் வெள்ளி எவ்வளவு என்று சொல்வேன். ஒயர் சமாசாரம் எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் இரண்டு வாரம் ஏணி போட்டு ஏறி அதோடு மல்லுக்கு நின்றேன். டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் என் அண்ணன் வைத்தது. அண்ணன் மவுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பள்ளிவாசலுக்கென்று தொழுகை நேரம் காட்டும் திரையை அவரே உட்கார்ந்து உண்டாக்கினார். இப்போது மணி என்ன, அடுத்த தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம், ஜமாஅத்தில் யாராவது இறந்தால் ஜனாஸா தொழுகை எப்போது, எல்லாம் அதில் ஓடும். ஒரே குறை, அந்தப் பொடி கம்ப்யூட்டருக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. அண்ணனுடைய போனிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். போன் பக்கத்தில் இல்லையென்றால், கடைசியாக எந்த நிமிஷத்தில் அதை முறையாக அணைத்தோமோ, அதே நாள் அதே நிமிஷத்திலிருந்து எழுந்து எண்ண ஆரம்பித்துவிடும். ஐந்து வேளையும் தொழ வருகிறவன் நான், போன் எங்கே போய்விடப் போகிறது என்று சிரிப்பார்.

அவருடைய ஜனாஸா அறிவிப்பை அவர் போனிலிருந்தே நான்தான் அடித்தேன். 'இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு.' அஸர் என்றால் மாலை நாலு நாற்பது. அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மதியம் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தியிருந்தோம். இரண்டரை மணி இருக்கும், ஓரிக்கைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் கபர்ஸ்தான் பாதை சேறாகிவிடும். இப்போதே சந்தூக் பெட்டியில் வைத்துப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னவன் நான். அண்ணி அப்போது உள் அறையில் மதியத் தொழுகையான லுஹர் தொழுதுகொண்டிருந்தார். எடுக்கிறதுக்கு முன்னால் என்னைக் கூப்பிடு, ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்.

நான் கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். கூப்பிட்டால் அழுகை, கதறல், அரை மணி நேரம் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று மணிக்குள் சந்தூக் பள்ளியில் இருந்தது. மைக்குக்குப் பிளக் பாயிண்ட் கேட்டார்கள். மூன்று பத்துக்கு அண்ணனின் கம்ப்யூட்டரை, அவர் காட்டிக்கொடுத்தபடி அதன் பக்கவாட்டுப் பட்டனை மூன்று விநாடி அழுத்தி, முறையாக அணைத்தேன். மழை வரவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள், அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கமாட்டார்கள். கொழுந்தனும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. அதனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்து மௌனத்தை எல்லாரும் முறைப்படி இருக்கிற மௌனம் என்றே நினைத்தார்கள். பால் வாங்கிக் கொடுத்தவனிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் திரைக்குப் பின்னாலிருந்து அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் மட்டும் இல்லை. தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட எனக்கு அந்தத் திரைச்சீலைதான் வந்து நிற்கும்.

பள்ளியின் பழைய டிவி அந்த வாரமே வோல்டேஜ் ஏறிப் புகைந்துபோனது. ஒருவர் புதிதாகப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்தார். அதில்தான் இந்த நோ சிக்னல். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் சென்னையிலிருந்து ரெடிமேட் எல்இடி கடிகாரம் வந்துவிடும், அந்தச் சின்னதைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்று பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அண்ணனை அவசரமாகத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு மேல் இதையும் நானே கழற்றி எடுத்துக்கொண்டு நடப்பதா? முடியவே முடியாது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தெரிந்தது ஒன்றுமில்லை. எச்டிஎம்ஐ ஒயரை மாற்றினேன். கம்ப்யூட்டரில் டிவி ஒயர் சொருக இரண்டு துளை இருந்தது. இதில் சொருகினேன், அதில் சொருகினேன். கரண்ட் போதவில்லையோ என்று சார்ஜரை மாற்றினேன். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது, உள்ளே என்னவோ நடக்கிறது, டிவிதான் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே ஒருவர் இருப்பதையே கணக்கில் எடுக்காமல் நான் செய்ததும் இதைத்தானே என்று தோன்றியது. எரிச்சலில் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறங்குவேன். பட்டனை அழுத்தி முறையாக அணைக்கிற பொறுமையெல்லாம் யாருக்கு இருக்கிறது.

அண்ணனோடு தொழில் பழகிய ரிப்பேர்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். கோளாறு டிவியிலா கம்ப்யூட்டரிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள், அது முதன்முதலில் எந்த டிவியில் ஓடியதோ அதிலேயே மாட்டிப் பாருங்கள் என்றார். அது எந்த டிவி என்று எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக் கூடத்து டிவி.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த அண்ணன் மகள் கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மாட்டிக்கச் சொன்னாங்க சாச்சா என்றாள். அண்ணனைக் கிடத்தியிருந்த அதே கூடம். டிவியைப் போட்டேன், ஒயரைச் சொருகினேன், கடைசியாகக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, படம் வந்துவிட்டது.

சந்தோஷத்தில் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். திரையில் அண்ணன் இறந்த நாளின் தேதி. மணி மூன்று பத்து. அஸருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். கீழே பச்சைப் பட்டையில் அண்ணனின் பெயர், நான் அடித்த அதே எழுத்துகள். 'ஜனாஸா தொழுகை இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு.' கம்ப்யூட்டர் அந்த மூன்று பத்தைவிட்டு நகரவே இல்லை. அண்ணனின் போன் அதன் பக்கம் வரவில்லை, நானும் அதை ஒரு தடவைகூட முறையாக அணைக்கவில்லை. இந்த இரண்டு வாரமாக நான் ஏணியில் ஏறி அதை உயிர்ப்பித்தபோதெல்லாம் அது அந்த மதியத்துக்குள்ளேயேதான் கண்விழித்திருக்கிறது.

பின்னால் திரைச்சீலை அசைந்தது. நான் திரும்பவில்லை.

"அஸருக்குப் பிறகுன்னுதானே போட்டிருக்குது" என்றார் அண்ணி.

இரண்டு மாதத்தில் எனக்கென்று வந்த முதல் வார்த்தை அது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை, ஒரு நோட்டீஸைப் படித்துச் சந்தேகம் கேட்கிற மாதிரி இருந்தது.

"ஆமாங்க அண்ணி. நான்தான் முன்னாடியே எடுக்கச் சொன்னேன். நீங்க சொன்னது ஞாபகம் இருந்துது. வேணும்னேதான் கூப்பிடல."

சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன். திரையில் மூன்று பதினாலு ஆகியிருந்தது.

"கொஞ்சம் வெளியில இரு தம்பி. அதை நிறுத்தாத."

மாடிப் படியில் போய் உட்கார்ந்தேன். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் இழை அறுந்திருக்க வேண்டும், நின்று நின்று ஓடியது. ரிப்பேர்காரருக்குப் போன் செய்து, வீட்டு டிவியில் வருகிறது என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளியில் இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். புது டிவி கரண்ட் வந்து எழுந்திருக்கவே நேரமாகிறது, அதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து, எதிரே டிவி இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கும், பதில் வரவில்லை என்றால் இல்லையென்றே முடிவு செய்துவிடும் என்றார்.

"டிவி இருக்குதோ இல்லியோ, இருக்குதுன்னே நெனச்சுக்கோன்னு அதுல ஒரு வரி சேர்க்கணும் பாய். நாளைக்குக் காலையில நானே வந்து போட்டுடறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம், இறந்தவர் பக்கத்தில் ஓதுகிற யாசீனை அண்ணி ஓதுகிற குரல் கேட்டது. ஒரு தடவை ஓதி முடிந்து மறுபடி தொடங்கியது. நடுவில் பேச்சும் கேட்டது, மகளிடம் பேசுகிற குரலாக எனக்குத் தோன்றவில்லை. காது கொடுத்துக் கேட்கக் கூசி நாலு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் போய்விடும் என்று அன்றைக்கு நினைத்தவன், ஒன்றரை மணி நேரம் அந்தப் படியில் இருந்தேன்.

பள்ளியிலிருந்து லுஹர் பாங்கு கேட்டது. உள்ளே அந்தத் திரையில் அஸர் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அண்ணன் மகள் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. கையில் அவள் அத்தாவின் போன், சார்ஜ் ஏற்றியிருந்தது, வாசலுக்கு வந்த பிறகுதான் ஆன் செய்தாள். இது இல்லாவிட்டால் அதற்கு நேரம் தெரியாதாம், இனிமேல் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று அம்மா சொன்னதாகச் சொன்னாள்.

கூடத்துக்குள் போனேன். டிவிக்கு எதிரே தரையில் ஒரு தொழுகை விரிப்பு விரித்தபடி கிடந்தது. போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் தேதி தாவிவிடும் என்று வாசலோரமாகவே வைத்திருந்தேன். திரையில் நாலு நாற்பத்திரண்டு.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அண்ணி சொன்னார்.

"பாத்துட்டேன். இப்ப எடுத்துக்கினு போ."

பட்டனை மூன்று விநாடி அழுத்தி முறையாக அணைத்தேன். திரை கறுத்தது, பச்சை விளக்கு ஏழெட்டுத் தடவை துடித்து நின்றது. மூன்று பத்து அத்தோடு போயிற்று. கைக்குட்டையை விரித்துக் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. வெயில் கொளுத்தியது, பள்ளியில் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படாமல் நடந்தேன்.