பாதி நிச்சயத்தில் வழிமறித்தவர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மெல்பேர்னின் மேற்கே ஒரு பால்பொருள் தொழிற்சாலையின் வாசலில் என்னோடு வேலை செய்யும் ரஞ்சனிக்காகக் காத்திருந்தேன். கைத்தொலைபேசியில் அவருடைய பெயர் வந்தது. எடுத்தவுடனேயே, "நான் வந்திட்டன் ரஞ்சனி, கேற்றடியில நிக்கிறன்" என்றேன்.

பேசியது அவருடைய கணவர் தேவா.

"அண்ணே, ரஞ்சனி இல்ல."

"ஓ, வெளிக்கிட்டிட்டாவோ?"

"இல்லண்ணே. போயிட்டா. குசினியில அடுப்புகிட்ட விழுந்துட்டா. ஆம்புலன்ஸ் வந்தாங்க, ஒண்ணும் முடியல."

நான் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்றேனோ தெரியாது. பிறகு எங்கள் வேலை வான் வண்டியின் பின்கதவைத் திறந்து கருவிகளை இறக்கத் தொடங்கினேன். அவருடைய ஹெட்போனையும் எடுத்து வைத்தேன். வாசற்காவலாளி வந்து, உன்னோடு வருகிற பெண் எங்கே என்று கேட்டபோதுதான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மூளையில் இரத்தக் கசிவு என்று பின்னர் சொன்னார்கள். கசிவு என்ற சொல்லை நான் தினமும் வேலையில் சொல்கிறவன். இப்போது அது வாயில் வர மறுக்கிறது.

எங்கள் புறநகர் டார்னெய்ட்டில் ரஞ்சனியைத் தெரியாத தமிழர் குறைவு. தேவாலயத்தில் பாடியவராக, யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவராக நீங்கள் அவரை அறிவீர்கள். அவர் என்ன வேலை செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு தொழிற்சாலையில் எல்லாக் குழாய்களையும் பூட்டிய பிறகும் தண்ணீர் மீற்றர் சுற்றிக்கொண்டிருக்கும். நிலத்தடியில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். வளவு முழுவதையும் கிண்டாமல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்து, நிலத்தில் மைக்கை வைத்து, ஹெட்போனில் அழுத்தத்தோடு வெளியேறும் தண்ணீரின் இரைச்சலைத் தேடுவோம். மழையில்லாமல் தண்ணீருக்குக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் எங்களுக்கு ஓய்வே இருக்கவில்லை.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து மெல்பேர்னின் கிளேட்டனுக்குப் பொறியியல் படிக்க வந்தவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குழாய் பொருத்தும் வேலையில் இருந்தவன் நான். சேர்ந்து வேலை தொடங்கிய முதல் நாள், "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "என்னத்தை ஆறிறது?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சிந்தியது. "காலைச் சாப்பாடு லா!" அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அதே கேள்வி வரும். நானும் வேண்டுமென்றே, "ஓம், ஆறியாச்சு" என்பேன்.

ரஞ்சனி பிழை விடாதவர் அல்ல. டண்டினோங்கில் ஒரு வர்ணத் தொழிற்சாலையில், இங்கேதான் என்று அவர் காட்டிய இடத்தில் கொங்கிரீட்டை வெட்டினார்கள். கீழே மண் பொடிபோலக் காய்ந்திருந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் ஓடிய இயந்திரத்தின் அதிர்வைத் தண்ணீர் என்று எடுத்திருந்தார். வெட்டியவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது. ஆனாலும் அவர்கள் முன்னால் போய் நின்று, "நான் தவறாகக் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள்" என்றார். இயந்திரங்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, சரியான இடத்தைக் காட்டினார்.

அதற்கு அடுத்த கோடையில்தான் பழங்களை டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். சரக்கு ஏற்றும் கொட்டகை. போர்க்லிஃப்ட் வண்டிகள் இடைவிடாமல் போய்வரும் பாதை. அதன் கீழேதான் பெரிய குழாய். ரஞ்சனி மைக்கை வைத்துக் கேட்டார். பிறகு சுத்தியலால் தரையைத் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. திரும்பத் திரும்பத் தட்டினார்.

"அண்ணே, கீழ மண்ணு இல்லனு நினைக்கிறேன். தண்ணி அரிச்சிருக்கு."

வண்டிகளை நிறுத்தச் சொன்னார். மேலாளர் மறுத்தார். லொறிகள் வெளியே வரிசையில் நிற்கின்றன, உன் நினைப்புக்காக நிறுத்த முடியாது என்றார். ரஞ்சனி ஒரு கதிரையை இழுத்துவந்து, அந்த இடத்துக்குச் சற்று முன்னால், பாதையை மறித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலாளர் கத்தினார். உங்கள் கொம்பனியை இனி இந்த வாசலில் விடமாட்டேன் என்றார். "விட வேண்டாம். இப்போது வண்டியை மட்டும் அந்தப் பக்கத்தால் விடுங்கள்" என்றார் இவர். நான் பக்கத்தில் நின்றேன். எழும்பி வாங்கோ என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. கடைசியில் சாரதிகள் தாங்களாகவே வண்டிகளைத் திருப்பி மறுபக்கத்தால் கொண்டுபோனார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தரை இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. கொங்கிரீட் பாளம் ஒன்று சாய்ந்து, ஒரு வண்டியும் சாரதியும் விழுந்து மறையக்கூடிய குழி திறந்தது. அடியில் சேற்றுத் தண்ணீர். அந்த இடத்தில் யாரும் இருக்கவில்லை; ரஞ்சனியின் கதிரை குழியின் விளிம்புக்கு இப்பால் நின்றது. மேலாளர் குழியைப் பார்த்தபடி நின்றார்.

வான் வண்டியில் ஏறியதும் ரஞ்சனி சாவியைப் போட முடியாமல் என்னிடம் தந்தார்.

"அண்ணே, எனக்கு நிச்சயமா தெரியும்னு நினைச்சீங்களா? இல்லண்ணே. பாதிதான் தெரியும்."

"பிறகேன் அப்பிடி மறிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"தப்பா இருந்தா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும் லா."

இறுதிச் சடங்கில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இன்னும் நம்பவில்லை. காலையில் வானை எடுக்கும்போது அவருக்கு அழைக்கக் கை போகிறது.

சில நாட்களின் பின் அந்தப் பால்பொருள் தொழிற்சாலைக்குத் தனியாகப் போனேன். வேலையாட்கள் தேநீர் குடிக்கும் இடத்தில் சுத்தியலால் தட்டியபோது தரையின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நிச்சயம் இல்லை. முந்தைய நான் என்றால் இன்னொரு முறை கேட்போம் என்று பேசாமல் இருந்திருப்பேன். அன்று எல்லோரையும் எழும்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு மேசைகளைத் தூக்கிப் போனார்கள். தரையை வெட்டிப் பார்த்தோம். மண் கெட்டியாக, நன்றாக இருந்தது. கசிவு வேறெங்கோ.

மேசைகளைத் திரும்பத் தூக்கிவந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நிமிர்ந்து நின்றேன். ரஞ்சனியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். அடுத்த முறையும் எனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். அடுத்த முறையும் எழும்பச் சொல்வேன்.