இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் படித்தவள் நான்தான். அப்பா ஐந்தாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். நான் ஆறாம் வகுப்புக்குப் போனதும் வீட்டுக்கு வரும் அச்சடித்த காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, மின்சாரச் சீட்டு, ஷாம்பு பாக்கெட் எதுவானாலும் நான் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டாலும் சொல்வேன். தெரியவில்லை என்று சொல்லும் வழக்கம் அப்போது என்னிடம் இல்லை.

அப்பாவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. சாவியில் கிளம்பாத நாட்களில் முன்பக்க ஓட்டையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களைக் கடை கடையாகவும் கோயில் கோயிலாகவும் அழைத்துப் போவது அப்பாவின் தொழில். மழை நாட்களில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கி, கலெக்டர் மாதிரி இறங்குவேன். சட்டை நனைந்துவிடும். ஆனாலும் கண்ணாடி ஏறியிருந்தால் யார் பார்ப்பார்கள்?

ஒருநாள் திருப்புட்குழி கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சவாரி வந்த பெரியவர் ஒருவர், “இன்னாப்பா, உன் வண்டிக்குள்ள யாரோ கதவு தட்டிக்கினே வராங்க?” என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அதுவரை தெரியாது. அவர் மேல் தப்பில்லை. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் டக்டக்கென்று வந்துகொண்டே இருக்கும். காரைக் கிளப்பி நிறுத்தி வைத்திருந்தால் அதன் சத்தமும் அதோடு கலந்துவிடும். எங்களுக்கு அது சத்தமே இல்லை. நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெக்கானிக் மாமாவின் ஷெட். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு நேராக அங்கே போனார். மாமா நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பக்கத்தில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேறு இடத்தில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

“தட்டுது. மேல இருந்தா கீழ இருந்தான்னுதான் புரியல. கீழ பேரிங்கா இருந்தா கஷ்டம்பா.”

அப்பா டேஷ்போர்டைத் திறந்து, காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். “இரு, எதுக்கு குழப்பம்? பாப்பா படிச்சுச் சொல்லும்.”

ஓரம் எலி கடித்த சின்னப் புத்தகம். ஷெட்டில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இஞ்சின் படம் போட்ட பக்கத்தைப் பிரித்தேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இரண்டு பக்கம் புரட்டியதும், சற்றுமுன் மாமா சொன்ன பேரிங் கண்ணில் பட்டது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, “இஞ்சின்ல தட்டுற சத்தம் வந்தா பேரிங் போச்சுன்னு அர்த்தம்” என்று வாசித்தேன்.

“புக்குலயே போட்டிருக்கான் பாரு” என்று மாமா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். பேரிங் என்றால் இஞ்சினை முழுக்க இறக்கிப் பிரிக்க வேண்டுமாம். “இந்த வண்டிக்கு சாமான் தேடி முடிக்கிறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிடும்.”

அப்பா சிரிக்கவில்லை. அந்த வாரமே பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பேசிவிட்டார். அமாவாசைக்கு மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் அவர். அப்பா ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஓட்டப் போவதாக ஏற்பாடு. வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. அம்மா தறியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கார் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் வியாதியைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தோழிகளிடம் சொன்னதும் உண்மை.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா காரைக் கழுவி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார். அந்த முறை பழம் வாங்கவில்லை. இஞ்சின் சிக்கிக்கொள்ளாமல் சுற்றுகிறதா என்று இரும்புக்காரர் பார்ப்பார் என்பதால், சுழற்ற லேசாக இருக்கட்டும் என்று பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, கைப்பிடியைச் செருகி மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து, படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவே அடங்கிக் கிடந்தது.

அப்பா சுழற்றச் சுழற்ற உள்ளே டக் என்று ஒன்று தட்டியது. பிறகு சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் டக். அம்மாவின் கத்தி நின்றது.

“இன்னொரு தரம் சுத்துங்க. நிறுத்தாம.”

சுழற்றினார். அம்மா கத்தியின் பிடியால் தரையில் தட்டிக்கொண்டே எண்ணினாள்.

“ஒவ்வொரு சுத்துக்கும் தட்டலைங்க. ஒண்ணு விட்டு ஒண்ணுதான் தட்டுது.”

“அதுக்கு இன்னா இப்போ?”

“தறியில ஒவ்வொரு அடிக்கும் சத்தம் வந்தா அடிக்கிற பலகையில கோளாறு. ஒண்ணு விட்டு ஒண்ணு வந்தா, மாத்தி மாத்தி மிதிக்கிறோமே, அந்தக் கட்டை ரெண்டுல ஒண்ணு தேஞ்சிருக்குது. கட்டையை மாத்தினா போச்சு. அதுக்காகத் தறியையே பிரிச்சுப் போடுவாங்களா? இதுல ரெண்டு சுத்துக்கு ஒருதரம் அசையறது எதுன்னு மெக்கானிக்கைக் கேளுங்க.”

அப்பா கைப்பிடியை உருவினார். “தறியும் இஞ்சினும் ஒண்ணாமே? புக்குலயே போட்டிருக்குது, உனக்கு இன்னா தெரியும்?”

அம்மா எழுந்தாள். வாழைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அந்தப் புத்தகம் அவள் கையில் இருந்தது, தலைகீழாக.

“ரெண்டுக்கு ஒண்ணுன்னு எங்கயாவது போட்டிருக்குதா, நல்லாப் பாரு. பாத்துட்டுப் போய் அப்பாகிட்ட நீயே படிச்சுச் சொல்லு.”

ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஒரு வரியில் ‘டூ’ என்று இருந்தது. அதே வரியில் ‘வால்வ்’. சைக்கிள் டியூபில் இருக்கிற வால்வ் எனக்குத் தெரியும். அம்மா பின்னாலேயே வர, வாசலுக்கு ஓடிப்போய், போன முறையைவிடச் சத்தமாக, “ரெண்டு சுத்துக்கு ஒருதரம் தட்டினா அது வால்வ்!” என்று வாசித்தேன். அப்போ பேரிங் என்று படித்தது என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். அது வேற பக்கம் என்றேன்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டு மெக்கானிக் மாமா வந்தார். அப்பா கைப்பிடியைச் சுழற்ற, அவர் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். பேருந்து ஹாரன் இல்லை, தறியும் இல்லை. இரண்டாவது சுற்றிலேயே அவர் முகம் மாறியது. இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்தில் எட்டு இரும்புக் கைகள் வரிசையாக இருந்தன. அவைதான் வால்வுகளை அழுத்தித் திறக்கிற ராக்கர்களாம். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மட்டும் லொடலொடவென்று ஆடியது. கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வால்வின் மேல் உட்காரும் முனை குழி விழுந்து தேய்ந்திருந்தது. அதைக் கீழிருந்து தூக்கும் கம்பியின் நுனியும் தேய்ந்திருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் அப்பா.

“இவ்வளவுதான்” என்றார் மாமா, தலையைச் சொறிந்தபடி. “நான் அன்னிக்கே மேல் மூடியைத் தொறந்து பாத்திருக்கணும். பாப்பா மட்டும் படிக்கலைன்னா நல்ல இஞ்சின் இரும்புக்குப் போயிருக்கும்பா.”

அப்பா என்னைத் தூக்கி பானெட் மேல் உட்கார வைத்தார். அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அம்மா எல்லோருக்கும் வடை கொடுத்தாள். “எம்பொண்ணு படிச்சதுலதான் வண்டி பொழைச்சுது” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. எனக்கு அது உண்மையாகவே பட்டது. மறுநாள் இரும்புக்காரர் வந்து வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த அமாவாசைக்கு அப்பா எலுமிச்சம்பழத்தை நாலுக்கு எட்டாக வாங்கி வந்தார்.

பன்னிரண்டாவது முடித்ததும் மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா இந்தக் கதையைத்தான் சொன்னார். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு பல்சக்கரங்களை வரைந்தார். இஞ்சினின் கீழ்த்தண்டு இரண்டு முறை சுற்றினால், வால்வுகளை இயக்கும் தண்டு ஒருமுறைதான் சுற்றும் என்றார். என் பேனா நின்றுவிட்டது. காதில் கத்திப்பிடி தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்கு வந்து, பரண்மேல் கிடந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பேரிங் இருந்த வரி, சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பதைப் பற்றியது. ‘டூ’ இருந்த வரி, வால்வின் இடைவெளியை இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொன்னது. தட்டும் சத்தத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அம்மா கால்களை இறக்கி உட்கார்ந்திருந்த தறிக்குழிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் அன்னிக்குப் படிச்சது எதுவுமே இந்தப் புஸ்தகத்துல இல்லம்மா.”

அம்மா குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டிக்கொண்டே இருந்தாள். கால்கள் மாறி மாறி மிதித்தன.

“தெரியும்டி. முதல்முறை ஷெட்ல நீ எப்படிப் படிச்சேன்னு எனக்குத் தெரியாது. என் எதிர்ல படிச்சப்போ உன் கண்ணு எங்க புஸ்தகத்துல இருந்துது? அப்பா மூஞ்சியிலதானே இருந்துது.”

“அப்போ எதுக்கு என்னைப் படிக்கச் சொன்ன?”

“நான் சொன்னா கேட்டாரா?” என்றாள். மேலும் இரண்டு இழை ஓட்டினாள். “அதுவும் இல்லாம, நீ புக்குல தப்பாப் படிச்சேன்னு தெரிஞ்சிருந்தா, ஏழாவது அனுப்பியிருப்பாரா உன்னை?”

தறியில் கோளாறு எதுவும் இல்லை. சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.