சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மகளும் இருக்கிறோம். அவருக்கு ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலை. நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நாள் முழுக்க பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. "உங்கம்மா ரசத்தக்கூட ரிஜெக்ட் பண்ணிருவா பாப்பா" என்று அவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஊசி என்றாலே ஓடுகிற மனுஷன், அந்த வருஷம் கம்பெனியில் நடந்த ரத்ததான முகாமில் என்னவோ தைரியம் வந்து முதல் தடவையாக ரத்தம் கொடுத்தார். கொஞ்ச நாளில் ரத்த வங்கியில் இருந்து நேரில் வரச்சொல்லிப் போன். போய்விட்டு ஒரு பேப்பரோடு வந்தார். ஹெப்படைடிஸ் பி, ரியாக்டிவ் என்று இருந்தது. கல்லீரலைக் கெடுக்கிற கிருமி ரத்தத்தில் இருக்கிறதாம். பெரிய டாக்டரைப் பார்க்கணும், வீட்டில் எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும் என்று சொன்னார்களாம். இன்னும் நிறைய எடுத்துச் சொல்லியிருப்பார்கள். பயத்தில் இவர் காதில் ஏறியது அவ்வளவுதான்.

நான் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அலமாரியில் இருந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, அவர் தட்டுக்கு அடியில் ஒரு பொட்டு வைத்தேன். டம்ளருக்கு ஒன்று, சோப்பு டப்பாவுக்கு ஒன்று. "ஒரு அடையாளத்துக்குத்தாங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் "சரிம்மா" என்றார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மறுநாளில் இருந்து தன் தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். மகள் மடியில் ஏறினால், முதுகு வலிக்குது பாப்பா என்று இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு எப்போதும் அவர் தோளில்தான் தூங்குவாள். அந்த வாரம் அவர் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அவள் பூசை முழுக்கத் திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் கல்லு மாதிரி இருந்தேன்.

இரண்டாவது வாரம், மூன்று பேரும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று அவரே ஆரம்பித்தார். "எங்க ஷிப்ட் பசங்க ரூம்ல ஒரு இடம் இருக்காம். நான் அங்க இருந்துக்கறேன். உங்க ரெண்டு பேர் ரிசல்ட்டும் வந்தா, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்பிடறேன்." நான் தடுக்கவில்லை. அவர் துணியைப் பையில் அடுக்கி வாசலோரம் தயாராக வைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் ரிசல்ட் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பாப்பா வயிற்றில் இருந்தபோது எடுத்த டெஸ்டில் எனக்கு நெகட்டிவ். அதைப் பெருமையாக வேறு அவரிடம் சொல்லியிருந்தேன்.

ரிசல்ட் வாங்க அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். கையில் வாங்கியதும் என் பேப்பரைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று வரி. அதில் இரண்டு வரியில் ரியாக்டிவ். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் அழகாகப் பேசினார். பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, முதல் வரி கிருமி இப்ப உடம்புல இருக்கான்னு சொல்லும். உங்களுக்கு இல்ல. ரெண்டாவது, எதிர்ப்புச் சக்தி. அது இருக்கு, நல்ல விஷயம். மூணாவது, எப்பவாவது கிருமி உள்ள வந்துச்சான்னு சொல்லும். வந்திருக்கு. வந்து, உங்களுக்கே தெரியாம போயிடுச்சு."

"தடுப்பூசி போட்டதால இருக்குமா டாக்டர்?" என்றேன்.

"அதுன்னா மூணாவது வரி வராதும்மா. பாப்பா பேப்பர பாருங்க, எதிர்ப்புச் சக்தி மட்டும்தான் இருக்கு. அதுதான் ஊசி வேலை."

எப்போது வந்தது, யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன். அதைச் சொல்ல ஒரு டெஸ்டும் இல்லை என்றார். பாப்பா வயிற்றில் இருந்தபோது எனக்குப் பார்த்தது முதல் வரி மட்டும்தானாம். என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே வந்திருக்கலாம், என்னிடம் இருந்தே வந்திருக்கலாம். அவர் கல்லீரல் இப்போது நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, தட்டு, டம்ளர் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "சாப்பாட்டுல, தட்டுல, தொடறதுல வராதும்மா. ரத்தம் படற சாமான்தான் தனியா இருக்கணும். ரேசர், டூத் பிரஷ், நெயில் கட்டர்" என்றார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நெயில் கட்டர். இத்தனை பொட்டு வைத்த நான் அதைத்தான் தொடாமல் விட்டிருந்தேன்.

வீட்டு வாசலில் அவர் பை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட முகம் இல்லாமல் நான் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பாப்பா. கையில் என் நெயில் பாலிஷ். வீட்டில் இருந்த தட்டு, டம்ளர், கிண்ணம், என் கல்யாணத்துக்குப் பேர் வெட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தட்டு வரை எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேரும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன்.

"நீதான சொல்லுவ, ஒரு பீஸ்ல குறைன்னா கூட வந்த மொத்த லாட்டையும் சேத்து நிறுத்தி வைக்கணும்னு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சிரித்தார். பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கியது நான்தான்.

பாதி பொட்டு உரிந்துவிட்டது, நெயில் கட்டர் மட்டும் இப்போது ஆளுக்கொன்று. பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது மிச்சமிருக்கிற பொட்டு கண்ணில் படும். அந்த மூன்று வரியைப் படித்த பிறகு அவர் என்னைத் திருப்பி ஒதுக்கியிருந்தால் அவரைக் கேட்க எனக்கு ஒரு வார்த்தை இருந்திருக்காது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.